முதல் கழுவல் தண்ணீர்

டிசம்பர் வந்தால் பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை பேக்கரியில் சர்க்கரையைக் கருக்குகிறார்கள். பிளம் கேக்குக்கு அந்தப் பழுப்பு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. போன வாரம் பக்கத்து ஓட்டலில் மதியச் சாப்பாட்டை முடித்து, கல்லா மேல் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். சோம்பு நாக்கில். கருகும் சர்க்கரை காற்றில். இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறிய நொடியில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர், "ஸ்வல்ப ஜருகி, மேடம்" என்று கன்னடத்தில் நகரச் சொன்னார். ஒதுங்கி நின்றேன். ஒதுங்கிய இடத்தில் பழைய ஒரு வாரம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தின் சூடான இரும்புத் தட்டு. அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தகடு. சோதிக்கவேண்டியதைத் தகட்டின் அடியில் சின்னத் துளியாய்ப் பொட்டு வைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் திரவம் ஊற்றி அதில் நிறுத்துவோம். திரவம் தகட்டில் மெல்ல ஏறும். ஏறும்போது சர்க்கரைகளையும் தூக்கிக்கொண்டு போகும். சின்னச் சர்க்கரை உயரே போகும், பெரியது பாதியில் உட்கார்ந்துவிடும். அதுவரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தகட்டைச் சோம்பு வாசம் அடிக்கிற ஒரு அமிலத்தில் முக்கிச் சூட்டில் வைத்தால்தான் சர்க்கரை இருக்கிற இடம் கரும்பச்சையாய் எழுந்து வரும். கருகாமல் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. பிராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று பெயர். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அது என்ன வேலை என்று கடைசிவரை பிடிபடவில்லை. "காலேஜ் மாதிரி, ஆனா பசங்க இல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

வேலை இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கிறது. காபியில் போடுகிற சர்க்கரை அல்ல. பாசிமணி கோர்த்த மாதிரி, பல சர்க்கரைகள் கிளைவிட்டுக் கோர்த்த சரம். பேதிக்குக் காரணமான சில கிருமிகளின் விஷம், குடலில் அந்தச் சரத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நகரத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவர் இருந்தார். அதே சரத்தைத் தனியாகச் செய்து கொடுத்தால், விஷம் ஏமாந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டு குடலை விட்டுவிடுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். சரத்தைச் செய்துதருகிறோம் என்று எங்கள் கூடம் ஒப்புக்கொண்டிருந்தது.

செய்வது சுலபமில்லை. ஒவ்வொரு மணியிலும் நாலைந்து ஓட்டை. எந்த ஓட்டையில் அடுத்த மணி சேரவேண்டும் என்பது கணக்கு. ரசாயனக்காரர்கள் வேண்டாத ஓட்டைகளை எல்லாம் அடைத்து, ஒரு மணி கோர்த்து, மறுபடி அடைப்பை எடுத்து, மாதக்கணக்கில் மல்லாடுவார்கள். பாக்டீரியாவுக்கு இந்த வம்பே இல்லை. அதனிடம் நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. சரியான மணியைச் சரியான ஓட்டையில் வெந்நீர்ச் சூடுகூட இல்லாமல் சேர்த்துவிடும்.

பாக்டீரியாவுக்கு எதற்கு மனிதச் சரம்? அதில்தான் சூட்சுமம். சில கிருமிகள் நம் காவல்காரச் செல்களிடமிருந்து தப்பிக்க, நம் சட்டையைப் போலவே ஒன்று தைத்துப் போட்டுக்கொள்கின்றன. காவல்காரன் பார்த்து, நம்ம ஆள்தான் என்று விட்டுவிடுவான். திருடனின் அந்தத் தையல் ஊசியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நோய் தராத வேறொரு பாக்டீரியாவின் வயிற்றில் அந்த நொதியை விளையவைத்து, அறுவடை செய்து, சர்க்கரைகளைக் கோர்க்க விட்டோம். ஒரு பொய் வேஷத்திலிருந்து ஒரு மருந்து. எனக்கு அது அப்போது அழகாக இருந்தது. மறைந்துகொள்வது என்பது எவ்வளவு மலிவான வித்தை என்பது அந்த வாரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். கான்ட்ராக்டர் மூலமாக வந்தவள். தினமும் கோலார் தங்கவயலில் இருட்டோடு எழுந்து, பெண்கள் கூட்டமாக ரயிலேறி, கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பஸ் பிடித்து வருவாள். தலையில் எந்நாளும் கனகாம்பரம். பாக்டீரியா வளர்ந்த குடுவைகள் அவள் தொட்டிக்கு வரும்போது மக்கிப்போன மல்லிகை மாதிரி ஒரு நாற்றம் வரும். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னா மிஸ்ஸு, உன் பூச்சிங்க நேத்து வெச்ச பூவ எடுக்காமலே தூங்கிச்சா?" என்பாள். படித்த பெண்கள் எல்லாரும் அவளுக்கு மிஸ்ஸு.

அவளுடைய அப்பா தங்கச் சுரங்கத்து மில்லில் வேலை பார்த்தவர். பாறையை மாவாக அரைத்துக் கழுவித் தங்கத்தைப் பிரிக்கிற இடம். அங்கே முதலில் கழுவிய தண்ணீரை யாரும் உடனே விட்டுவிட மாட்டார்களாம். இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத்தான் விடுவார்களாம். அந்தப் பழக்கம் அவள் கையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டு என்று சொன்னால் கொட்டுவாள். ஆனால் முதல் கழுவல் என்று அவளுக்குப் பட்டதை மட்டும் ஒரு வாரம் குளிரறையின் கீழ்த்தட்டில் தள்ளி வைத்துவிட்டுத்தான் கொட்டுவாள். கூடத்தில் எல்லாருக்கும் இது சிரிப்பு.

"என்னக்கா, தங்கம் கெடச்சுதா?" என்று ஆராய்ச்சி மாணவன் ஒருவன் தினம் கேட்பான்.

"கெடச்சா உன் கண்ணாலத்துக்கு மோதிரம் போடறேன். போடா."

அவள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கீழிறங்குபவர். சுரங்கத்தை இன்றைக்கு மூடுகிறார்கள், நாளைக்கு மூடுகிறார்கள் என்று பேச்சு. தங்கவயலில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தர் பெங்களூர் ரயிலில் இருந்தார்கள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் அவளுக்கு எப்போது வேண்டுமானாலும் வேலை கிடைக்கும். ஆனால் அங்கே ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ஊருக்கு வண்டி கிடையாது. இங்கே சாயங்கால வண்டியைப் பிடித்துவிடலாம். வீட்டில் பத்தாவது படிக்கும் மகள். "இந்த வேல போச்சுன்னா நான் இங்க வாடகைக்கு வந்து நிக்கணும், இல்ல அங்கயே சும்மா குந்தணும்" என்று ஒருநாள் குடுவை கழுவிக்கொண்டே சொன்னாள். நான் நொதியை எடை போட்டுக்கொண்டே கேட்டேன்.

நாலு மாத வேலைக்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சரம் முழுசாகக் கோர்த்து முடிந்தது. தகட்டில் பார்த்தேன். புதிய பொட்டு, பெரிய சர்க்கரைக்குரிய உயரத்தில், தெளிவாக. நொதியைச் சூட்டில் கொன்று, படிவை நீக்கினேன். மிச்சம் தெளிந்த ஒரு டம்ளர் திரவம். அதில் சரமும் உப்பும் கலந்திருந்தன. உப்பை எடுக்கவேண்டும்.

உப்பை எடுக்க என் கை தானாக டயாலிசிஸ் பையைத் தேடியது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மிஷினில் செய்வதன் சின்ன வடிவம் அது. குடல் மாதிரி ஒரு மெல்லிய பை. உள்ளே திரவத்தை ஊற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டால், பையின் நுண்ணிய துளைகள் வழியே உப்பு வெளியே போய்விடும். பெரிய பொருள் உள்ளேயே இருக்கும். நொதிகளுக்கு இதை வாராவாரம் செய்வேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

பக்கெட்டில் பெயர் எழுதவில்லை. குளிரறையில் நீலப் பக்கெட் என்றால் என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும், பின்னே எதற்கு?

சனிக்கிழமை காலையில் பையை இரண்டாவது பக்கெட்டுக்கு மாற்றினேன். மதியம் மூன்றாவதுக்கு. அரை நாள் வேலை. கிளம்பும்போது, "அக்கா, அந்தப் பழைய தண்ணியெல்லாம் கொட்டிடுங்க" என்றேன்.

"மூணாவது?"

"அதுல பை இருக்கு. தொடாதீங்க."

திங்கள் காலை பையை எடுத்தேன். உள்ளே திரவம் நிறையவே இருந்தது. தகட்டில் பொட்டு வைத்தேன். சோம்பு வாசம் வந்தது. கருகல் வாசம் வரவில்லை. சூடு போதவில்லையோ என்று தகட்டை இன்னும் கொஞ்சம் காயவிட்டேன். வெள்ளை. இன்னொரு தகடு. அதுவும் வெள்ளை.

எங்கள் தலைவர் கன்னடக்காரர். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனாயித்து?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். பிறகு அவருடைய தமிழில், "நாலு மாசம் அம்மா. டாக்டருக்கு இந்த வாரம் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கு."

"பை சரியாத்தான் இருந்துது சார்."

"அப்ப எங்கே போச்சு? சனிக்கிழமை கோல்ட் ரூம் யார் கிளீன் பண்ணது?"

"அக்காதான் சார். பக்கெட்டை நகர்த்தும்போது கிளிப் கழண்டு, உள்ள இருந்தது போயி, திரும்பப் போட்டிருப்பாங்களோ…"

அவ்வளவுதான் சொன்னேன். முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு: நாம் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் முடித்துக்கொண்டார். நான் அறையில் இருக்கும்போதே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, சனிக்கிழமையோடு இந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு வேறு ஆளை அனுப்பு என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் ஒரு பெண் நைலான் வலைப் பையில் கத்திரிக்காய் வாங்கி வைத்திருந்தாள். அதன் அடியில் பட்டாணியும் இருந்திருக்கிறது. வலைக்கண் வழியாக ஒவ்வொன்றாக உருண்டு, பஸ் திரும்பும்போதெல்லாம் என் செருப்பைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மூன்றாவது பட்டாணியில் எனக்குப் புரிந்துவிட்டது. நொதி கத்திரிக்காய். அது பைக்குள் நிற்கும். நான் போட்டதோ ஐந்தே மணி கோர்த்த சரம். நொதிக்கு முன்னால் அது பட்டாணி. உப்பு போன துளை வழியாகவே அதுவும் போயிருக்கிறது. யாரும் எதையும் கழற்றவில்லை. இரண்டு வருஷம் நொதியோடு பழகிய கை, சர்க்கரையையும் நொதி என்று நினைத்துக்கொண்டுவிட்டது. முதல் பக்கெட்டுக்கே எல்லாம் போயிருக்கும். அதைத்தான் கொட்டச் சொல்லியிருந்தேன். அவளுடைய கீழ்த்தட்டு அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். புதன்கிழமை சொல்லியிருக்கலாம். அவர் அறையில் யாரும் இல்லை, கதவும் திறந்திருந்தது. இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். என் ஒப்பந்தமும் அந்த வருஷம் புதுப்பிக்கவேண்டிய ஒன்று. அதையும் எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் இது பாதி உண்மை.

அவளுக்குச் செவ்வாயே தகவல் போய்விட்டது. வழக்கம்போல வந்தாள், கழுவினாள். கனகாம்பரம் இருந்தது. மிஸ்ஸு என்று கூப்பிடுவது மட்டும் குறைந்திருந்தது.

வியாழன் மதியம் குளிரறையிலிருந்து அவள் குரல் வந்தது. "மிஸ்ஸு, இங்க வா."

போனேன். கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். சில்வர் பேப்பர் போட்டு மூடிய ஒரு நீலப் பக்கெட்டைக் காலால் முன்னே தள்ளினாள். அதன் மேல் ஒரு துண்டு ஒட்டு டேப். அதில் பென்சிலால் அவள் கையெழுத்து: மொதோ தண்ணி.

"சனிக்கெழம ரெண்டு பக்கெட்டு கொட்ட சொன்ன. ஒண்ணுதான் கொட்டினேன். இது வெள்ளிக்கெழமது. நான் போயிட்டா இத யாரும் ரெண்டாந்தரம் பாக்க மாட்டாங்க. வெக்கணுமா கொட்டணுமா, இப்பவே சொல்லிடு."

ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கெட் தண்ணீரில் சரம் நூறு மடங்கு நீர்த்திருக்கும். அதனால் ஒரே இடத்தில் இருபது தடவை பொட்டு வைத்துக் காயவிட்டேன். அவளும் வந்து பக்கத்தில் நின்றாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. தகட்டை முக்கினேன். சூட்டில் வைத்தேன். முதலில் சோம்பு. பிறகு, தயங்கித் தயங்கி, அந்த இன்னொரு வாசனை.

"பாயசத்துக்குப் பாகு வெச்சு மறந்தா இப்படித்தான் நாறும்" என்றாள்.

மங்கலாக, ஆனால் சரியான உயரத்தில், கரும்பச்சையாய் எழுந்தது.

"இதுதானா?"

"இதுதான்க்கா."

"இவ்ளூண்டுதானா?" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது அவளுக்கு.

அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டே தலைவர் அறைக்குப் போனேன். இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தேன். பையில் போட்டது நான், அது என் தவறு, கிளிப் கழலவில்லை, யாரும் தொடவில்லை, தண்ணீரை வைத்திருந்தது அக்கா. அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார். "கரியில் பிடிக்க வை, சீக்கிரம்" என்றார். பிறகு நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். வேறொரு பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டதாம். அந்தப் பெண்ணும் இருந்த வேலையை விட்டுவிட்டு வருகிறாளாம். "பார்க்கலாம்" என்று போனை வைத்தார். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டேன். "பார்க்கலாம்னு சொன்னேனே" என்றார். மூன்றாம் தடவை கேட்டிருக்கவேண்டும்.

மூன்றாம் தடவைக்குப் பதில் கரியோடு இருந்தேன். கண்ணாடிக் குழாயில் கரித்தூளை அடைத்து, அந்தப் பக்கெட் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் கரி சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். உப்பு வழிந்து போய்விடும். அப்புறம் ஸ்பிரிட் கலந்த தண்ணீரை விட்டால் சர்க்கரை இறங்கி வரும். வெள்ளி முழுக்க, சனி பாதி. கடைசியில் ஒரு சின்னக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூள், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மருத்துவருக்குப் போயிற்று. அவருடைய சோதனையில் விஷம் கொஞ்சம் ஏமாந்தது, கொஞ்சம் ஏமாறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அது வேறு கதை, நீளமானது, இன்னும் யாரோ எங்கோ செய்துகொண்டிருப்பது.

சனிக்கிழமை மதியம் அவளோடு நானும் பஸ் ஏறினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கண்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. அவளுடைய ரயில் பெண்கள் ஜன்னல் வழியே டிபன் பையைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். "ஏய், வாம்மே, எடம் போயிடும்" என்று ஒருத்தி கத்தினாள்.

"அக்கா, திங்கக்கெழம சார்கிட்ட நான்…"

"தெரியும்."

"இல்லக்கா, நான் முழுசா சொல்லல, அவரா…"

"மிஸ்ஸு, நான் கதவுக்கு இந்தாண்ட டிரே கழுவிக்கினு இருந்தேன். நீ பேசறது கேக்கட்டும்னு கொழாய மூடுனேன்."

பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஏதோ வண்டி வந்து நின்று போனது.

"தெரிஞ்சும் அந்த பக்கெட்ட ஏன்க்கா எடுத்துக் காட்டினீங்க?"

"பேதி புடிச்ச கொழந்தைங்களுக்குன்னு நீதான சொன்ன? உனக்கா எடுத்து வெச்சேன்?"

"திட்டிட்டுப் போங்கக்கா."

சிரித்தாள். சிரிப்பில் சமாதானம் எதுவும் இல்லை. நேரமில்லை என்பதுதான் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, பெண்களை இடித்துக்கொண்டு உள்ளே போய், ஜன்னலுக்கு வந்தாள். வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நாலடி நடந்தேன். கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி, வழக்கமான கழுவுதொட்டிக் குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மிஸ்ஸு, இனிமே பக்கெட்டுல உம் பேர எழுதி வெய்யி."